அறிவியல் சிந்தனையும் அறிவியலின் பிரிவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும், பெரியவர்கள் தங்களுக்குள் ஓயாமல் வாதிட்டுக்கொள்ளும் சில கேள்விகளையும் இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறோம். எடுத்துக்காட்டுகளை முடிந்தவரை சென்னையிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுத்திருக்கிறோம். மாநகரப் பேருந்தில் போய்ப் பார்க்கக்கூடிய இடங்களில் நடந்த ஆய்வுகள், நியூட்டனின் ஆப்பிளைவிட நன்றாகவே மனத்தில் நிற்கும்.

அறிவியல் சிந்தனை என்றால் என்ன?

ஒரு கூற்றைச் சொல்லும்போதே, அது தவறாக இருந்தால் எதை வைத்துத் தவறென்று கண்டுபிடிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லும் பழக்கமே அறிவியல் சிந்தனை. நுண்ணோக்கி, வெள்ளை அங்கி, கடினமான சூத்திரம் ஆகியவை எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. "இந்த மருந்து நல்லது" என்பது கருத்து. "இந்த மருந்தை உட்கொண்ட நூறு பேரில் குணமானவர்களின் எண்ணிக்கை, உட்கொள்ளாத நூறு பேரில் குணமானவர்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இல்லையென்றால் நான் சொன்னது தவறு" என்பது அறிவியல் கூற்று. இரண்டாவது கூற்றைச் சொல்பவர் தோற்பதற்கான வழியைத் தாமே திறந்து வைக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தத்துவவாதி கார்ல் பாப்பர் 1934-இல் முன்வைத்த பொய்ப்பிக்கத்தக்கமை என்ற கருத்தின் சாரம் ஏறத்தாழ இதுதான். அது எல்லாத் துறைகளுக்கும் முழுமையாகப் பொருந்துமா என்பதில் தத்துவவாதிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அன்றாடம் கேள்விப்படும் ஒரு கூற்றை எடைபோட இதைவிட எளிய கருவி எங்களுக்குத் தெரிந்து இல்லை.

பள்ளியில் சொல்லித்தரும் "நோக்கம், கருதுகோள், சோதனை, முடிவு" என்ற படிகள்தானா அறிவியல் முறை?

செய்முறைக் குறிப்பேட்டை நிரப்ப அந்த வரிசை உதவும். உண்மையான ஆய்வு அந்த வரிசையில் நடப்பது அரிது. சில நேரம் சோதனை முதலில் நடந்து, கேள்வி பிறகு பிறக்கிறது. சில நேரம் வேறெதையோ தேடும்போது ஒரு பிழையாகத் தோன்றியது கண்டுபிடிப்பாக முடிகிறது. எந்த வழியில் வந்தாலும், முடிவைப் பிறர் சரிபார்க்கும்படி வெளிப்படையாக வைப்பது மட்டும் மாறுவதில்லை.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வைக் கொண்டு இதை விளக்க முடியுமா?

முடியும், அதுவும் உலகம் முழுவதும் மருத்துவ முறையை மாற்றிய ஓர் ஆய்வைக் கொண்டே விளக்கலாம். 1950-களில் காசநோய் வந்தவரைச் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில்) படுக்கவைத்து, முழு ஓய்வும் சத்தான உணவும் நல்ல காற்றும் கொடுத்தால்தான் பிழைப்பார் என்பது மருத்துவர்களின் உறுதியான நம்பிக்கை. நோயாளிகளோ இந்தியாவில் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய படுக்கைகளில் மிகச் சிறு பங்குகூட நாட்டில் இல்லை. ஐசோனியசிட், பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் போன்ற மருந்துகள் அப்போதுதான் கைக்கு வந்திருந்தன. மருந்தை மட்டும் கொடுத்து நோயாளியை வீட்டிலேயே இருக்கவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை காண, 1956-இல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய அந்த மையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

யாரை வீட்டுக்கு அனுப்புவது, யாரைச் சானடோரியத்தில் சேர்ப்பது என்பதை மருத்துவரின் விருப்பத்திற்கு விடாமல் சமவாய்ப்பு முறையில் தீர்மானித்ததுதான் இதன் உயிர்நாடி. மருத்துவரே தேர்ந்தெடுத்திருந்தால், தம்மையறியாமல் மோசமான நிலையில் இருந்தவர்களைச் சானடோரியத்திற்கு அனுப்பியிருப்பார். பிறகு கிடைக்கும் வேறுபாடு சிகிச்சையால் வந்ததா, தேர்வினால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குலுக்கிப் போட்டதுபோல் பிரிக்கும்போது, நமக்குத் தெரிந்த வேறுபாடுகளோடு தெரியாத வேறுபாடுகளும் இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடுகின்றன.

வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள், குறைவான உணவு உண்டார்கள், கூடுதலாக உழைத்தார்கள். அப்படியிருந்தும் அவர்கள் குணமடைந்த விகிதம் சானடோரியத்தில் இருந்தவர்களுடையதை நெருங்கி வந்தது. இன்னொரு பெரிய அச்சமும் அகன்றது: நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தினருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவில்லை, ஏனெனில் பரவ வேண்டியதில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கும் முன்பே பரவியிருந்தது. 1959-இல் இம்முடிவுகள் வெளியான பிறகு, செல்வ நாடுகளும் காலப்போக்கில் சானடோரியங்களைக் கைவிட்டு வீட்டுச் சிகிச்சைக்கு மாறின. நல்ல காற்றும் ஓய்வும் வேண்டும் என்று சொன்ன மருத்துவர்கள் முட்டாள்கள் அல்லர்; அவர்கள் சொன்னதை யாரும் ஒப்பிட்டுச் சோதித்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர்பார்த்த முடிவு வராவிட்டால் அந்த ஆய்வு வீண்தானே?

இல்லை. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், ஏறத்தாழ 3,60,000 பேரைக் கொண்டு, காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி பற்றிய ஆய்வு ஒன்று தொடங்கியது. அந்த வகையில் உலகின் மிகப் பெரிய ஆய்வுகளுள் அது ஒன்று. தடுப்பூசி பெரியவர்களைத் தாக்கும் நுரையீரல் காசநோயைத் தடுக்கும் என்பதே பரவலான எதிர்பார்ப்பு. முடிவு நேர்மாறாக அமைந்தது: அந்த மக்களிடையே அப்படிப்பட்ட பாதுகாப்பு எதுவும் தென்படவில்லை. நாடே நம்பியிருந்த ஒரு தடுப்பூசியைப் பற்றி இப்படியொரு முடிவை வெளியிட நிறுவனங்களுக்கு எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம், ஆயினும் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து பிசிஜி காப்பதாகப் பிற ஆய்வுகள் காட்டுவதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைப் போடுகிறோம். எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்ற இந்த எல்லைக்கோடு செங்கல்பட்டு ஆய்வு போன்றவை இல்லாமல் தெளிவாகியிருக்காது.

பெரிய அறிஞர் ஒருவர் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளக் கூடாதா?

தொடக்கத்தில் ஏற்றுக்கொள்ளலாம்; எல்லாவற்றையும் நாமே சோதித்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் சான்று வேறாக இருக்கும்போது அறிஞரின் பெயர் வாதமாகாது. கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் நீலம் அதில் பிரதிபலிப்பதால்தான் என்று புகழ்பெற்ற ஆங்கில இயற்பியலாளர் ரேலே பிரபு கூறியிருந்தார். 1921-இல் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. ராமன், ஒளியை முனைவாக்கும் ஒரு பட்டகத்தின் வழியாகக் கடலைப் பார்த்தார். அந்தப் பட்டகம் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுத்துவிடும். ரேலே சொன்னது சரியென்றால் நீலம் மறைந்திருக்க வேண்டும், ஆனால் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று ராமன் எழுதினார். அந்த வழியில் தொடர்ந்த ஆய்வே 1928-இல் ராமன் விளைவில் முடிந்தது. நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் கடலின் நிறத்திற்கு முக்கியக் காரணம் என்பதால், ராமன் சொன்னதும் முழு விடையன்று என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போதே வெண்குள்ளன் விண்மீன்களின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்களின்) நிறைக்கு ஓர் உச்சவரம்பு இருப்பதைக் கணக்கிட்டார். அந்த வரம்பு சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது பிறகு நிலைபெற்றது. 1935 சனவரியில் இலண்டனில் நடந்த கூட்டத்தில், அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற வானியலாளரான எடிங்டன் அதை எல்லோர் முன்னிலையிலும் மறுத்தார். கணக்கு சரியாகவே இருந்தது. பெயரின் எடை அதைச் சில பத்தாண்டுகள் ஓரத்தில் தள்ளிவைத்தது. சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983-இல்தான் வந்தது. அறிவியலுக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும் தன்மை உண்டு என்று பெருமையாகச் சொல்பவர்கள், அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒருமுறை அளந்தால் போதாதா? ஏன் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள்?

நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தலைவராக இருந்த ஜான் கோல்டிங்காம், 1820-21-இல் ஒலியின் வேகத்தை அளந்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கிகள் சுடப்படும்; வெடிச்சுடர் கண்ணில் படுவதற்கும் ஓசை காதில் விழுவதற்கும் இடைப்பட்ட நேரத்தை அவர் மாதக்கணக்கில் குறித்து வந்தார், கூடவே வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் திசை ஆகியவற்றையும் எழுதி வைத்தார். ஒரே நாளில் அளந்து முடித்திருந்தால் ஒரே ஓர் எண் கிடைத்திருக்கும். பல மாதங்கள் அளந்ததால், அந்த எண் பருவத்திற்கேற்ப மாறுவது தெரிந்தது. வெப்பநிலை ஒரு செல்சியஸ் பாகை உயர்ந்தால் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும் என்று இன்று பாடநூலில் படிக்கிறோம்.

சோதனையே செய்ய முடியாத துறைகள் எப்படி அறிவியலாகும்? கடந்த காலத்தை மறுபடி நிகழ்த்த முடியாதே?

இந்தக் கேள்வி நிலவியல், தொல்லியல், பரிணாம உயிரியல், வானியல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கடந்த காலத்தை மறுபடி நிகழ்த்த முடியாது என்பது உண்மை. ஆனால் அது விட்டுச்சென்ற தடயங்கள் இன்னும் இருக்கின்றன, அந்தத் தடயங்களைப் பற்றி முன்கூட்டியே கணித்துச் சொல்லிவிட்டுப் பிறகு தோண்டிப் பார்க்க முடியும்.

1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார்கள். அங்கே கிடைத்த கைக்கோடரிகள் எவ்வளவு பழையவை என்பதை அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. விடை வருவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆனது. அது வந்த வழி சுவையானது.

அண்டவெளியிலிருந்து வரும் கதிர்கள் தரைப்பரப்பில் கிடக்கும் படிகக்கல்லைத் தாக்கும்போது, அதனுள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணுக்கள் தோன்றுகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர்கள் எட்டாது. புதியவை தோன்றுவது நின்று, பழையவை சிதையத் தொடங்கும். முதலாவதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகள், இரண்டாவதன் அரை ஆயுள் ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டுகள். ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் குறைவதால், இன்று எஞ்சியிருக்கும் விகிதத்தை அளந்தால் கல் புதைந்து எத்தனை காலம் ஆயிற்று என்பது தெரியும். இதோடு இன்னொரு தனிச் சான்றும் சேர்ந்தது. புவியின் காந்தப்புலம் கடைசியாகத் திசை மாறியது சுமார் 7.8 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. கருவிகள் கிடந்த களிமண் படிவில் உறைந்திருந்த காந்தத் திசை இன்றைய திசைக்கு எதிராக இருந்ததால், அந்தப் படிவு அதைவிடப் பழையதாக இருந்தாக வேண்டும். சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகளுக்குச் சராசரியாக 15 இலட்சம் ஆண்டு வயது.

ஒன்றையொன்று சாராத இரு முறைகளும் ஒரே திசையைக் காட்டின என்பதே இங்கே சோதனைக்கு ஈடானது. அவை முரண்பட்டிருந்தால் ஆய்வாளர்கள் ஏதேனும் ஒன்றைக் கைவிட்டிருக்க வேண்டும்.

அறிவியலை எத்தனை பிரிவுகளாகப் பிரிக்கலாம்?

வழக்கமான பட்டியல் எளிது: கணிதம், தருக்கம் போன்ற வடிவ அறிவியல்கள், இயற்பியல், வேதியியல், வானியல், புவியியல் சார்ந்த இயற்கை அறிவியல்கள், உயிரியலும் அதன் கிளைகளும், பொருளியல், சமூகவியல் போன்ற சமூக அறிவியல்கள், இவற்றைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் பொறியியல், மருத்துவம், வேளாண்மை. தேர்வில் கேட்டால் இதை எழுதலாம்.

ஆனால் பொருளை வைத்துப் பிரிக்கும் இந்தப் பட்டியலைவிட, சான்று எந்த வழியில் கிடைக்கிறது என்பதை வைத்துப் பிரிப்பது பயனுள்ளது என்பது எங்கள் கருத்து. சேத்துப்பட்டு ஆய்வைப்போல் தலையிட்டு ஒப்பிடக்கூடிய துறைகள் உண்டு. வானியலைப்போல் பார்க்க மட்டுமே முடிகிற துறைகள் உண்டு. அத்திரம்பாக்கத்தைப்போல் தடயத்திலிருந்து பின்னோக்கிச் செல்லும் துறைகளும், கணிதத்தைப்போல் நிறுவலை மட்டுமே ஏற்கும் துறையும் உண்டு. ஒரே துறைக்குள்ளும் இவை கலந்திருக்கும்: பாறையை ஆய்வகத்தில் உருக்கிப் பார்க்கும் நிலவியலாளரும், மலைத்தொடரின் வரலாற்றை எழுதும் நிலவியலாளரும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறைகளில் இருக்கலாம்.

அப்படியானால் பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் குரூப் வாழ்நாள் முழுவதையும் தீர்மானித்துவிடுமா?

கல்லூரிச் சேர்க்கையை அது தீர்மானிக்கும் என்பதை மறுக்க முடியாது. பயோ-மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா என்று வீட்டில் நடக்கும் பஞ்சாயத்துக்கு அந்த அளவில் நியாயம் இருக்கிறது. ஆராய்ச்சி அந்தக் கோடுகளை மதிப்பதில்லை. ஜி. என். ராமச்சந்திரன் பயிற்சியால் இயற்பியலாளர். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக வந்த அவர், தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்தார். கிண்டி வளாகத்திற்குப் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிலுக்காக அமைக்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது அதற்கு வாய்ப்பாயிற்று. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பை 1954-இல் அவர் முன்வைத்தார்.

1963-இல் அவரும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் வெளியிட்ட வரைபடம் இன்னும் எளிமையான கேள்வியிலிருந்து பிறந்தது: புரதச் சங்கிலியின் இணைப்புகள் எந்தெந்தக் கோணங்களில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும்? இரண்டு கோணங்களை இரண்டு அச்சுகளில் வைத்து, மோதல் இல்லாத பகுதிகளைக் குறித்தார்கள். புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்ததாகச் சொல்பவர் எந்த நாட்டில் இருந்தாலும், தம் முடிவை இன்றும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. இதை இயற்பியல் என்பதா, வேதியியல் என்பதா, உயிரியல் என்பதா என்று கேட்டால் மூன்று துறையினரும் தமதென்றே சொல்வார்கள்.

கணிதம் அறிவியலா?

அறிவியலின் எல்லாப் பிரிவுகளுக்கும் அது தேவைப்படுகிறது. ஆனால் சான்றை அது ஏற்கும் விதம் வேறு. பகா எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட எண் வரை எத்தனை பகா எண்கள் இருக்கும் என்பதை மடக்கைத் தொகையீடு என்ற சூத்திரத்தைக் கொண்டு மதிப்பிடலாம். கணக்கிட்டுப் பார்த்த இடங்களிலெல்லாம் மதிப்பீடு உண்மையான எண்ணிக்கையைவிடச் சற்றுக் கூடுதலாகவே வந்தது. இயற்பியலாக இருந்தால் இத்தனை கோடிச் சான்றுகளைக் கண்டு அதை விதியென்றே அறிவித்திருப்பார்கள். 1914-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் லிட்டில்வுட், இந்த நிலை எங்கோ தலைகீழாகும் என்றும், அப்படி முடிவில்லாமல் பலமுறை நிகழும் என்றும் நிறுவினார். முதலில் தலைகீழாகும் இடம் கணினியைக் கொண்டு ஒவ்வொன்றாக எண்ணிச் சென்று எட்ட முடியாத தொலைவில் இருக்கிறது.

சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜன் 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் வியக்கத்தக்க உண்மைகள் நிறைய இருந்தன. பகா எண்களைப் பற்றிய சில கூற்றுகள் மட்டும் தவறாக இருந்தன. அவருடைய உள்ளுணர்வைப் போற்றும் நாம், ஹார்டி நிறுவலை வற்புறுத்தியதன் காரணத்தையும் புரிந்துகொள்வது நல்லது.

சமூக அறிவியலை அறிவியல் என்று சொல்வது மிகையல்லவா?

மனிதர்கள் தம்மைப் பற்றிச் சொல்லப்படுவதைக் கேட்டு நடத்தையை மாற்றிக்கொள்வார்கள், எலெக்ட்ரான் மாற்றிக்கொள்ளாது. அதனால் இத்துறைகளில் உறுதி குறைவு. இருந்தாலும் கவனமான அளவீடும் ஒப்பீடும் இங்கும் இயலும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் மாணவர்களைச் சில கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் ஆகியவற்றின் விவரங்களைத் திரட்டினார். அவற்றுள் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. பின்வந்த ஆய்வாளர்கள் 1930-களிலும், 1960-களிலும், 1980-களிலும் திரும்பிச் சென்று அதே ஊரில் அதே வகைக் கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு கிராமத்தைப் பற்றி இவ்வளவு நீண்ட தொடர்ச்சியான பதிவு உலகிலேயே அரிது.

தொழில்நுட்பமும் அறிவியலும் ஒன்றா?

இல்லை. ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமலே வேலை செய்யும் பொருளை உருவாக்கலாம். நம் ஊர்ச் சிற்பிகள் ஐம்பொன் வார்த்தது உலோகவியல் பாடநூல் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு.

பஞ்சாங்கம் கிரகணத்தைச் சரியாகச் சொல்கிறதே, அப்படியானால் ஜோதிடமும் அறிவியல்தானே?

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1825-இல் ஜான் வாரன் என்பவர், புதுச்சேரியில் இருந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். அவர் சொன்ன தொடக்க நேரத்தில் சில நிமிடங்களே பிழை. முடிவு நேரத்தில் பிழை ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு. தாளும் எழுதுகோலும் இல்லாமல் அதைச் செய்தது அசாதாரணமான திறமை. அந்தக் கணிப்பைக் கடிகாரத்தோடு ஒப்பிட முடிந்தது, பிழையை நிமிடத்தில் சொல்ல முடிந்தது. கணிதப் பகுதி அறிவியலின் தேர்வுக்கு உட்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். வாக்கியப் பஞ்சாங்கத்திற்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்திற்கும் இடையிலான வேறுபாடுகளையும் இதே முறையில், வானத்தைப் பார்த்தே, தீர்த்துக்கொள்ளலாம்.

பலன் சொல்லும் பகுதி அப்படியில்லை. "தடைகள் வந்தாலும் முயற்சி கைகூடும்" என்ற ராசிபலன் எந்த நாளிலும் பொய்யாகாது. பொய்யாக வழியில்லாத கூற்று எதையும் முன்னறிவிக்கவில்லை என்றே பொருள். வாஸ்துவில் காற்றோட்டம், வெளிச்சம் பற்றிய குறிப்புகளைச் சோதிக்கலாம். ஈசானிய மூலைக்கும் வங்கிக் கடனுக்கும் உள்ள தொடர்பைச் சோதித்து வெற்றி கண்டவர் யாரும் இல்லை.

சித்த மருத்துவத்தை அறிவியல் ஏற்கிறதா, மறுக்கிறதா?

ஒரு மருத்துவ மரபை முழுவதுமாக ஏற்பதும் முழுவதுமாக மறுப்பதும் அறிவியலின் வேலையன்று. ஒவ்வொரு மருந்தையும், ஒவ்வொரு நோய்க்கும், தனித்தனியே கேட்க வேண்டியிருக்கிறது. சர்ப்பகந்தா வேர் நம் மரபு மருத்துவத்தில் நெடுங்காலமாக இருந்தது. அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் நோயாளிகளிடம் கவனித்துப் பதிவு செய்த பிறகுதான் உலகம் அதைக் கையாளத் தொடங்கியது. சீனாவில் து யூயூ பழைய மருத்துவ நூலொன்றிலிருந்து குறிப்பெடுத்து, மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினினைக் கண்டறிந்து, 2015-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய குழு ஆராய்ந்த மற்ற எத்தனையோ மூலிகைகள் சோதனையில் நிற்கவில்லை என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆயிரம் ஆண்டுப் பழக்கம் ஒரு மூலிகையைச் சோதிப்பதற்கு நல்ல காரணம். சோதிக்காமல் விடுவதற்குக் காரணமாகாது. மருந்துச் சீட்டு இங்கிலீஷ் மருத்துவருடையதா, வைத்தியருடையதா என்பது பொருட்டன்று. ஒப்பீட்டுக் குழு இருந்ததா என்று கேட்க வேண்டும்.

வானிலை அறிவிப்பு அடிக்கடி பொய்த்துப்போகிறதே?

"70 விழுக்காடு மழை வாய்ப்பு" என்று சொன்ன நாளில் மழை பெய்யாவிட்டால் அறிவிப்பு பொய்த்தது என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லப்பட்ட நூறு நாட்களை எடுத்து, அவற்றில் ஏறத்தாழ எழுபதில் மழை பெய்ததா என்று பார்ப்பதே சரியான சோதனை. காற்றுமண்டலத்தில் மிகச் சிறிய வேறுபாடுகூடச் சில நாட்களில் பெரிதாகிவிடும் என்பதை எட்வர்ட் லோரன்ஸ் 1963-இல் காட்டினார். அதனால் தொலைநோக்கிய அறிவிப்பில் உறுதி குறைவது இயற்கை. 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பெருமழை வரும் என்று சொல்வதற்கும், எந்த ஏரியின் நீர்ப்பிடிப்பில் எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்வதற்கும் இடையிலுள்ள தூரம் அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

சென்னையில் இவற்றையெல்லாம் எங்கே பார்க்கலாம்?

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இலிருந்து இருக்கிறது. நிலவியல் பகுதியையும் கற்காலக் கருவிகளையும் அவசரமில்லாமல் பாருங்கள். கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் பிர்லா கோளரங்கமும் உள்ளன. நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்ற ஆராய்ச்சி நிலையங்களில் பொதுமக்களுக்கான உரைகள் நடக்கும்போது தயங்காமல் போகலாம்.

கருவி எதுவும் வாங்காமல் நாமே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஏதாவது இருக்கிறதா?

பூமியின் சுற்றளவை அளக்கலாம். கன்னியாகுமரியில் ஓர் உறவினரோ நண்பரோ இருந்தால் போதும்.

மார்ச் 21-ஐ ஒட்டிய ஒரு நாளில், இருவரும் ஒரு மீட்டர் கம்பைச் சமதளத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கொண்டு செங்குத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். நண்பகலை ஒட்டி ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்து வந்து, மிகக் குறுகிய நிழலை எடுத்துக்கொள்ள வேண்டும். இருவரும் ஒரே கடிகார நேரத்தில் அளந்தால் தவறாகிவிடும்; கன்னியாகுமரி மேற்கே இருப்பதால் அங்கே உச்சிப்பொழுது சுமார் 11 நிமிடம் பிந்தி வரும். சென்னையில் நிழல் ஏறத்தாழ 23 சென்டிமீட்டரும் கன்னியாகுமரியில் ஏறத்தாழ 14 சென்டிமீட்டரும் இருக்கும். நிழலைக் கம்பின் நீளத்தால் வகுத்து, முக்கோணவியல் அட்டவணையில் கோணத்தைப் பார்த்தால் 13 பாகையும் 8 பாகையும் வரும். வேறுபாடு 5 பாகை. முழு வட்டத்தில் 5 பாகை 72 முறை அடங்கும். இரு ஊர்களுக்கும் இடையே வடக்கு-தெற்காக உள்ள தூரம் சுமார் 555 கிலோமீட்டர். சாலைத் தூரம் கூடுதல் என்பதால் அதை எடுக்கக் கூடாது, வரைபடத்தில் நேராக அளக்க வேண்டும். 555-ஐ 72-ஆல் பெருக்கினால் 39,960 கிலோமீட்டர்.

உங்களுக்கு இவ்வளவு அழகான விடை வராது. ஒரு மீட்டர் கம்பின் நிழலை ஒரு சென்டிமீட்டர் தவறாகக் குறித்தாலே கோணம் அரை பாகைக்கு மேல் மாறும், இறுதி விடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் பிழை வரும். சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால் நிழலின் நுனியும் மங்கலாகவே தெரியும். நீளமான கம்பை எடுத்தால் பிழை குறையும், ஆனால் அதைச் செங்குத்தாக நிறுத்துவது கடினம். எனவே மூன்று நான்கு நாட்கள் அளந்து, விடையோடு அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் சென்னையில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் கம்பின் நிழல் மறைந்துவிடும். அந்த நாட்களில் கன்னியாகுமரிக்காரர் மட்டும் அளந்தால் போதும், அங்கே நிழல் தெற்கு நோக்கி விழும்.